மனுசிக்கு வாங்கிய டீசல்

சந்திரவதனாவின் பழைய கார் ரொறொன்ரோவின் மார்க்கம் ரோட்டுச் சிவப்பு விளக்கில் நின்றது. பச்சை விழுந்த பிறகும் நின்றது. பின்னால் நின்றவர்கள் கோர்ன் அடித்துப் பார்த்தார்கள், இறங்கி வந்து ஏசிப் பார்த்தார்கள், கடைசியில் இரண்டு பேர் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் விட்டார்கள். கட்டி இழுத்துப்போக வந்தவன் என்ஜின் மூடியான பொனற்றைத் திறக்கக்கூட இல்லை. வாசலில் நின்றே நோயாளிக்கு நாள் குறிக்கிற வைத்தியன் மாதிரி, முடிந்துவிட்டது என்று கையை விரித்தான்.

அவளுக்கு அழ நேரமிருக்கவில்லை. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சூப்பைச் சூடாக்கிப் பருக்கிவிட்டு வருவது அவளுடைய வேலை. வருடக்கணக்காக முகவர் நிலையம் கூப்பிட்ட நேரத்துக்கு ஓடி, கூப்பிடாத நாளில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்து செய்த அந்த வேலை இப்போதுதான் நிரந்தரமாகப் போகிறது. மல்வேர்னுக்கும் அஜின்கோர்ட்டுக்கும் இடையில் ஆறு வீடுகள். காலையில் தொடங்கி மாலையில் முடிகிற ஒரே பாதை. காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு. நிபந்தனை ஒன்றுதான்: சொந்தக் கார் வேண்டும், அது நம்பிக்கையாக ஓட வேண்டும். முதல் மூன்று மாதம் பிந்தாமல் போய்க் காட்டினால் பாதை அவளுக்கு.

கென்னடி ரோட்டில் ஒரு சின்ன வெள்ளைப் பெற்றோல் கார் விற்பனைக்கு நின்றது. ஓடிப் பார்த்தாள். பிடித்திருந்தது. இரண்டு நாள் வைத்திருங்கள், வருகிறேன் என்று விற்பவனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அங்கேதான் பிழை நடந்தது. வாங்கிவிட்டு வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டு வாங்கலாம் என்று நினைத்துவிட்டாள்.

அவளுடைய கணவர் மகேஸ்வரன் சாதாரண ஆளில்லை. ஊர் முன்னேற்ற ஒன்றியத்தின் கனடாக் கிளைத் தலைவர். ஊரில் முன்னேறுவதற்கு இப்போது மிஞ்சியிருப்பது கொஞ்சச் சனம்தான். கிளைக்கு உபதலைவர்களே ஏழு பேர். இடுப்பு நோவால் தொழிற்சாலை வேலையை விட்டு வருடங்களாகின்றன. அந்த இடுப்பு மேடையில் எவ்வளவு நேரம் நின்றாலும் நோகாது.

"கார் எண்டால் கத்தரிக்காயே, கண்ட உடனை வாங்க? நாலு பேரைக் கேக்க வேணும்."

"ஓடப்போறது நான்தானே?"

"அதைத்தான் நானும் சொல்லுறன். நீர் ஓடப்போறீர் எண்டபடியால் கட்டாயம் கேக்க வேணும்."

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. இரண்டு உபதலைவர்கள் வந்தார்கள். நடுநாயகமாக இக்னேசியஸ் வந்தார். வீடு விற்கிற தரகர். ஆனால் மல்வேர்ன் முழுவதும் அவரை 'என்ஜின் இக்னேசியஸ்' என்றுதான் அறியும். சண்டைக்காலத்தில், அரசாங்கத் தடையால் பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர். அதற்குப் பிறகு உலகத்தில் ஒருவரும் புதிதாக ஓர் என்ஜின் செய்யவில்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

"மகேஸ் அண்ணை, பெற்றோலை நம்பின சனம் என்ன பாடு பட்டது? தொண்ணூறிலை தடை வந்த உடனை பெற்றோல் கார் எல்லாம் கோழிக்கூடு. எங்கடை பக்கத்து வீட்டுக் காருக்குள்ளை கோழி முட்டையே இட்டது."

"ஓமோம், நான் கண்டனான்," என்றார் ஓர் உபதலைவர், அந்த முட்டையைக் கையில் வாங்கியவர்போல.

தேத்தண்ணித் தட்டோடு வந்த சந்திரவதனா நின்றாள். அந்தத் தடைக்காலத்தில் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. ஒவ்வொரு நாளும் நடந்தவள்.

"டீசலும்தானே தடை? மினிபஸ் எல்லாம் நிண்டு போச்சே."

சபை கொஞ்சம் திடுக்கிட்டது. இக்னேசியஸ் ஒரு றோல்ஸை எடுத்து, கடித்து, மென்று, விழுங்கினார்.

"அக்கா, அது வேறை தடை."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எப்படி வேறு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சபை அந்த இடத்திலேயே கலைந்திருக்கும்.

"இது ரொறொன்ரோ. இஞ்சை ஆர் வந்து தடை போடப்போறாங்கள்?" என்று கேட்டாள்.

"அங்கையும் போடமாட்டாங்கள் எண்டுதான் இருந்தனாங்கள்," என்றார் மகேஸ்வரன்.

அவள் தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

மகள் தனுஷிகா படியில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். "அப்பா, டீசல் இஸ் ஃபோர் லோங் டிரைவ்ஸ். அம்மா ஒரு வீட்டிலை இருந்து மற்ற வீட்டுக்கு அஞ்சு நிமிசம்தான் ஓடுறா. என்ஜின் சூடாகவே சூடாகாது. புகைக்குழாய் ஃபில்ட்டர் அடைக்கும். இட்ஸ் லைக், த ஃபர்ஸ்ட் திங் தே சே."

"பிள்ளை," என்றார் இக்னேசியஸ் கருணையோடு, "உந்த ஃபோன் எப்பவாவது பள்ளத்துக்குள்ளை புதைஞ்ச வாகனத்தை இழுத்து எடுத்திருக்கோ?"

"நோ, அங்கிள்."

"அப்ப?"

பிள்ளை காதில் வயரைக் கொழுவிக்கொண்டு மேலே போனாள்.

அதற்குப் பிறகு விவாதம் சுறுசுறுப்பாக நடந்தது. டீசலின் இழுவை பேசப்பட்டது. டீசலின் ஆயுள் பேசப்பட்டது. அவசரமென்றால் கொத்துரொட்டிக் கடையில் பழைய எண்ணெய் வாங்கி ஊற்றினாலும் டீசல் ஓடும் என்று ஓர் உபதலைவர் சொன்னபோது சபை மெய்மறந்தது. தலைவர் வீட்டு வாசலில் சின்ன வெள்ளைக் கார் நின்றால் கிளைக்கு என்ன மரியாதை என்பதும் பேசப்பட்டது. கார் எங்கே ஓடப்போகிறது, எத்தனை தரம் நின்று நின்று ஓடப்போகிறது என்பது மட்டும் பேசப்படவில்லை, அதற்கு நேரமிருக்கவில்லை. மார்க்கம் நகரில் இக்னேசியஸுக்குத் தெரிந்த ஒருவரிடம் கறுப்பு ஐரோப்பிய டீசல் ஜீப் ஒன்று நின்றது. ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

கோயிலில் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். ஐயர் பொனற்றில் சந்தனம் பூசினார். படமெடுக்கும்போது மகேஸ்வரன் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார், இக்னேசியஸ் பக்கத்து சீற்றில். சந்திரவதனாவுக்கு வெளியில், கைப்பையோடு நிற்க இடம் கிடைத்தது. 'என் துணைவியாருக்கு ஒரு சிறு அன்பளிப்பு' என்று முகநூலில் போட்டார். அன்பளிப்பு வாங்கிய காசு துணைவியாரின் சீட்டுக்காசு என்பதைச் சேர்த்து எழுத அங்கே இடம் போதவில்லை போலும்.

வேலை தொடங்கியது. வண்டி என்னவோ ராசாதான். ஆனால் ராசாவுக்கு அவளுடைய ஊழியம் பிடிக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கு ஓடும், நிற்கும். பனிக்குளிரில் ஒரு மணித்தியாலம் விறைக்கும். திரும்ப ஐந்து நிமிடம் ஓடும். ஒரு மாதம் போகமுன்னம் முன்தட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு ஒருநாள், ஷெப்பர்ட் வீதியில், காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மாட்டுவண்டி வேகத்துக்கு மேலே போகமாட்டேன் என்றது. சைக்கிள்காரன் ஒருவன் முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தான்.

அன்றைக்கு மூன்றாவது வீட்டில் டொயில் என்கிற கிழவர் காத்திருந்தார். தானாக எழும்ப மாட்டாதவர். அவள் போய்ச் சேர்ந்தபோது படுக்கை நனைந்து, குளிர்ந்தும் போயிருந்தது. வழமையாக வாய் ஓயாத மனிதர் அன்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாலையில் முகவர் நிலையத்திலிருந்து முதல் எச்சரிக்கை வந்தது.

கராஜ் வைத்திருக்கும் கிருபன் வண்டியின் வயரில் கம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்தான். "ஃபில்ட்டர் கரி பிடிச்சுக் கிடக்கு. என்ஜின் வடிவாய்ச் சூடானால்தான் உது எரிஞ்சு போகும். கிழமைக்கு ஒருக்கால் ஹைவேயிலை அரை மணித்தியாலம் மிதிச்சு ஓடுங்கோ, அக்கா."

"வேலை முடிய நான் ஓடுறன்," என்றாள்.

"நீர் களைச்சு விழுந்து வாறனீர்," என்றார் கூட வந்திருந்த மகேஸ்வரன். "நான் ஒருத்தன் இருக்கிறன் எல்லே?"

கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வீட்டுக்காக ஏற்றுக்கொண்ட முதல் பொறுப்பு அதுதான். ஏற்றதைச் சிரத்தையோடு செய்தார். மாலையில் 401 நெடுஞ்சாலை நெரிசல், ஓட்டமில்லை. ஆகவே காலையில் போகவேண்டும். அரை மணித்தியாலம் என்பது குறைந்த அளவு. ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடிச் சேரும் கிங்ஸ்டன் வரைக்கும் போகவேண்டும். என்ஜின் சத்தத்தை விளங்கிக்கொள்ள ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும், ஆகவே இக்னேசியஸ். கிங்ஸ்டனில் ஏரியைப் பார்த்து ஒரு கோப்பி. கிழமைக்கு ஒருநாள் போதாதென்று இக்னேசியஸ் காதை வைத்துக் கேட்டுச் சொன்னார், இரண்டு நாளாயிற்று. மொன்றியல் கிளைக்குப் பொதுக்கூட்டம் வந்தது, மூன்றாயிற்று.

அந்த நாட்களில் சந்திரவதனா பஸ்ஸில் போனாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு, கையுறைப் பெட்டியும் மாற்றுச் சப்பாத்துமாகப் பனிக்குள்ளே நடந்தாள். பிந்தினாள். மேற்பார்வை செய்யும் பெண் ஃபோன் எடுத்தாள். கார் வாங்கிவிட்டதாகச் சொன்னீர்களே, கார் எங்கே என்று கேட்டாள். கார் கிங்ஸ்டனில் நிற்கிறது என்று சந்திரவதனா சொன்னாள். அங்கே யாராவது நோயாளி இருக்கிறார்களா என்று அந்தப் பெண் உண்மையாகவே கேட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சந்திரவதனா பிட்டுக்கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"இஞ்சேருங்கோ. நாளையிலை இருந்து காரை ஒருத்தரும் தொடப்படாது. என்ரை வேலை போகப்போகுது."

"விசர்க்கதை கதையாதையும். எரிக்காமல் விட்டால் கார் போகப்போகுது."

"கார் என்னத்துக்கு வாங்கினது?"

"நீர் வேலைக்குப் போக."

"நான் வேலைக்குக் கொண்டு போனால்?"

"பழுதாப்போம்."

"பழுதாகாமல் இருக்க?"

மகேஸ்வரன் யோசித்தார். தலைவர் என்றபடியால் நிதானமாக யோசித்தார்.

"நீர் ஓடாமல் இருக்க வேணும்," என்றார்.

தனுஷிகா சிரித்துவிட்டாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தினாள்.

மறுநாள் விடிய, அவர் எழும்பமுன்னம், சந்திரவதனா கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முதல் வீடு சரி. இரண்டாவது சரி. டொயிலின் வீட்டுக்கு நேரத்துக்கு முன்னமே போனாள். கிழவர் அவளைப் பார்த்து, இன்றைக்கு என்ன ஹெலிகொப்டரோ என்று பகிடி விட்டார். நாலாவது வீட்டுக்குத் திரும்புகிற சந்தியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த வளைவில் வண்டி முடமாகியது. நாலாவது வீட்டுக்கு நடந்து போனாள்; ஐந்தாவது வீட்டுக்கு அவள் நடந்து போய்ச் சேர்ந்தபோது முகவர் நிலையம் வேறொருத்தியை அனுப்பியிருந்தது. பிற்பகல் ஃபோன் வந்தது. மேற்பார்வை செய்யும் பெண் நல்ல மாதிரித்தான் கதைத்தாள். பாதை வேறோர் ஆளுக்கு. மல்வேர்னில் ஒரு மாடிக்கட்டடம் இருக்கிறது. அதற்குள்ளேயே சில முதியவர்கள், பஸ்ஸில் போகலாம், கூப்பிடும்போது வந்தால் போதும். கார் தேவையில்லை.

வீட்டில் சொன்னாள். மகேஸ்வரன் சிறிது நேரம் துக்கம் காத்தார். பிறகு அவருடைய முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"எல்லாம் நன்மைக்குத்தான், சந்திரா. இனிச் சின்ன ஓட்டம் இல்லை. என்ஜினுக்கு எவ்வளவு நல்லது தெரியுமே?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவள் கையை எடுத்த நாளிலிருந்து வண்டிக்கு ஒரு நோயுமில்லை. ஒருமுறை நிரப்பிய டீசலில் மொன்றியல் போய் வந்தது. டீசல் என்றால் டீசல்தான் என்று உபதலைவர்கள் ஏழு பேரும் ஒப்புக்கொண்டார்கள். சின்ன வெள்ளைக் காரை வாங்கியிருந்தால் இந்த ஓட்டம் ஓடியிருக்குமா என்று மகேஸ்வரன் எல்லோரையும் கேட்டார். ஓடியிருக்காது என்பதும் உண்மைதான்.

வசந்தம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மொன்றியலில் கலியாண வீடு. மகேஸ்வரன் ஓட்டினார். பக்கத்தில் இக்னேசியஸ், என்ஜினுக்குக் காது கொடுத்தபடி. பின் சீற்றில் சந்திரவதனா, மடியில் சீலைப் பையும் பூப்பெட்டியுமாக. அந்த வண்டியில் அவள் போன முதல் நெடும்பயணம். மெத்தை சுகமாகத்தான் இருந்தது.

கோபேர்க் என்ற ஊரைத் தாண்டும்போது ஃபோன் அடித்தது. ஏஜக்ஸிலிருந்து நிதுசன் என்கிற பொடியன்; அண்மையில் ஒன்றியத்தில் சேர்ந்தவன். குரல் வண்டி முழுவதும் கேட்டது.

"அண்ணை, ஒரு கார் எடுக்க வேணும். பெற்றோலோ டீசலோ எண்டு ஒரே குழப்பம். உங்களைக் கேக்கச் சொல்லிச் சனம் சொல்லுது."

மகேஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆருக்கு எடுக்கிறீர்?"

"மனுசிக்கு, அண்ணை. அவ பிள்ளையளைப் பாக்கிற டேகெயாரிலை வேலை. வீட்டுக்குக் கிட்டத்தான்."

"அப்ப யோசியாதையும். டீசல்."

"கண்ணை மூடிக்கொண்டு எடும்," என்றார் இக்னேசியஸ்.

சந்திரவதனா முன்னுக்குச் சாய்ந்தாள். இரண்டு சீற்றுக்கும் நடுவில் தலையை நீட்டி, ஒலிபெருக்கி எங்கே இருக்கிறதென்று தெரியாததால், கொஞ்சம் உரத்தே கேட்டாள்:

"தம்பி, உம்மடை மனுசியை ஒருக்கால் கேட்டனீரோ?"

அந்தப் பக்கத்திலிருந்து நிதுசன், "அண்ணை, ஆரோ பொம்பிளைக் குரல் கேட்டது. ஆரது?"

மகேஸ்வரன் கண்ணை வீதியிலிருந்து எடுக்கவில்லை.

"அது ரேடியோ, தம்பி. நீர் சொல்லும்."

இக்னேசியஸ் கையை நீட்டி, ஓடாத ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.