ஒரு கேள்விக்கு எழுபத்திரண்டு விநாடி

1.

கதை எழுதத் துணிந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை நான் எழுதி அச்சேறியவை எல்லாம் தவறான விடைகளே. கணித ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான பயிற்சி நூல் ஒன்றுக்குக் கேள்விகள் தயாரிப்பது என் பணி. ஒரு கேள்விக்குச் சரியான விடை ஒன்று. அது கணக்கிலிருந்து தானே வந்துவிடும், என் திறமை அதில் ஏதுமில்லை. அதன் அருகே நிறுத்த வேண்டிய மூன்று தவறான விடைகளைத்தான் நான் யோசித்து எழுதுகிறேன். பதினாறு ஆண்டுகளாக இதையே செய்து வருகிறேன்.

சென்ற ஆண்டு பதிப்பகத்தின் வழியாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. கோடிட்ட தாள், இரண்டு பக்கம். நூலின் 214ஆம் பக்கத்தில், 2(x − 3) = 5x + 9 எனில் x எவ்வளவு என்ற கேள்வியைப் பற்றியது. எழுதியவர் ஒரு கணித ஆசிரியை.

"விடை −5 என்பதில் ஐயமில்லை. −4 எப்படி வந்தது என்பதும் புரிகிறது. அடைப்பைப் பிரிக்கும்போது 3ஐ இரண்டால் பெருக்க மறந்த பிள்ளை. 5 என்பது கடைசி வரியில் குறியைத் தொலைத்த பிள்ளை. ஆனால் நான்காவதாக 8 என்று கொடுத்திருக்கிறீர்கள். என் வகுப்புப் பிள்ளைகள் செய்யக்கூடிய எல்லாத் தவறுகளையும் செய்து பார்த்துவிட்டேன், 8 வரவில்லை. எந்தப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதினீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்."

எந்தப் பிள்ளையையும் வைத்து எழுதவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. நான்காவது இடம் காலியாக இருந்தது. 8 போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

கடிதத்தின் அடியில் இன்னும் சில வரிகள் இருந்தன. எட்டாம் வகுப்புக்குப் பதினோரு ஆண்டுகளாகக் கணிதம் எடுக்கிறார். தகுதித் தேர்வை இரண்டு முறை எழுதித் தவறியிருக்கிறார். மூன்றாவது முறையும் தேறாவிட்டால் பணியில் நீடிக்க முடியாது என்று பள்ளி எழுத்தில் கொடுத்துவிட்டது. "அதனால்தான் தொந்தரவு செய்கிறேன்" என்று முடித்திருந்தார்.

நான் பதில் எழுதவில்லை. வெட்கம். இனி வருவதில் பெரும்பகுதி என் கற்பனை. வெட்கம் மட்டும் உண்மை.

2.

கதையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூன்று முறை தொடங்கினேன்.

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள் தன் பழைய—"

(கடிதத்தில் மழை இல்லை. கதை என்றால் மழை வேண்டும் என்று யாரோ என் காதில் ஓதியிருக்கிறார்கள்.)

"நல்லாசிரியர் என்பவர் யாவர் எனில்,"

(இது ஆண்டுவிழா உரை. காற்புள்ளியோடு நிறுத்திக்கொண்டது நல்லதாயிற்று.)

"நூற்றைம்பது கேள்விகள், மூன்று மணி நேரம், ஆகவே ஒரு கேள்விக்கு எழுபத்திரண்டு விநாடி."

இதை வைத்துக்கொள்கிறேன். டீச்சரின் கவலை முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. தேற நூற்றைந்து விடை சரியாக வேண்டும். முதல் முறை தொண்ணூற்றேழு கேள்வி எழுதினார், தொண்ணூற்றேழும் சரி. இரண்டாம் முறை நூற்றொன்று, நூற்றொன்றும் சரி. தொட்ட கணக்கில் ஒன்றுகூடத் தவறாத ஒருவர், நேரம் போதாமல் இருமுறை தோற்றுப்போனார்.*

* மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிட்டு வரலாமே என்று வாசகர் கேட்கலாம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள். நான்கில் ஒன்று தற்செயலாகச் சரியானால், வந்ததும் போனதும் சமமாகிவிடும். கேள்வி தயாரிப்பவர்கள் இந்த வழியை முன்பே அடைத்துவிட்டோம், பொறுத்தருள்க.

3.

நேரம் எங்கே போகிறது என்று கண்டுபிடித்தவர் அவர் கணவர். லிப்ட் பழுது பார்ப்பவர். (கடிதத்தில் கணவர் இல்லை. ஒருவரைத் தனியாக உட்காரவைத்துப் படிக்கவிட எனக்கு மனம் வரவில்லை.) ஞாயிறு பிற்பகல், துடைத்த ஈரம் காயாத சாப்பாட்டு மேசை. கையில் கைபேசிக் கடிகாரம்.

"ஆரம்பிக்கலாமா டீச்சர்?"

"கிண்டல் பண்ணாதீங்க. அமுக்குங்க."

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டும் கணக்கு. டீச்சர் உதட்டுக்குள் முணுமுணுத்தார். பிறகு தாளைப் பார்த்தபடியே இருந்தார்.

"பத்து செகண்ட்ல விடை வந்துடுச்சு. அப்புறம் ஏன் அதை முறைச்சுக்கிட்டே உக்காந்திருக்க?"

"விடையைப் பாக்கலைங்க. இந்த 'ஆ'வைப் பாருங்க, அஞ்சுல ரெண்டு. இது நம்ம ஜன்னலோரப் பொண்ணு. பின்னத்தைக் கூட்டச் சொன்னா மேலயும் கூட்டும், கீழயும் கூட்டும்."

"சரி."

"'இ', ஆறுல ரெண்டு. இது யாரு தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன உன் கிளாஸ்லயா படிச்சேன்?"

"கடைசி பெஞ்ச் ரெட்டைப் பிள்ளைங்க. ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதுதுன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன். ஆளுக்கொரு மூலையில உக்கார வெச்சேன். அப்பவும் ரெண்டும் அதே தப்பு!"

சொல்லும்போதே டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. லிப்ட்காரர் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். நூற்று முப்பது விநாடி.

"ஒவ்வொரு கணக்குக்கும் மொத்த வகுப்பையும் கூட்டிட்டு வந்தா எப்படிம்மா? பஸ் பிடிக்க வேண்டாமா?"

4.

அடுத்து வருபவரைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. லிப்ட்காரரின் தங்கை. முந்தின ஆண்டே, முதல் முயற்சியிலேயே, இதே தேர்வில் தேறியவர். நாத்தனார் என்று எழுதியதுமே வாசகர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவாரோ என்று அஞ்சி, இருமுறை அவரைக் கதையிலிருந்து நீக்கினேன். இருமுறையும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அண்ணியின் மீது உண்மையான அன்பு உள்ளவர் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

"அண்ணி, கேள்வியைப் படிங்க. கீழ இருக்கிற நாலையும் கையை வெச்சு மூடுங்க. கணக்கைப் போடுங்க. கையை எடுங்க. உங்க விடை இருக்கா? குறிங்க, போங்க. மத்த மூணும் யாரு, எந்த ஊருன்னு நமக்கு எதுக்கு? சம்பந்தம் பேசப் போறோமா?"

"தப்பு விடைன்னா அதுக்குப் பின்னாடி ஒரு பிள்ளை இருக்குமே."

"இருக்கட்டும். மூணு மணி நேரம் வெளிய நிக்கட்டும்."

லிப்ட்காரர் உதிரிபாகம் வந்த பெட்டியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டையை வெட்டிக் கொடுத்தார். டீச்சர் அதை வைத்து விடைகளை மூடப் பழகினார். முதல் வாரம் விரல்கள் அட்டையைத் தாமாகவே நகர்த்திப் பார்த்தன. நாத்தனார் அதட்டினார். ஆறு வாரத்தில் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்தாறு என்று எண்ணிக்கை ஏறியது.*

* அந்த அட்டை மறைத்தது என் பதினாறு ஆண்டு உழைப்பை. எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருந்தது.

5.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால்

(ஆனால் என்று எழுதிவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன்.)

டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகளின் நோட்டில் பெருக்கல் குறி போட மாட்டார். கணக்கு எந்த வரியில், எந்த எண்ணில் வழுக்கியதோ அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் சிறிய வட்டம் போடுவார். நாற்பத்தொரு நோட்டுக்கும் வட்டம் போட இரண்டு மாலை ஆகும். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வகுப்புத் தேர்வு நோட்டுகளை ஒரே பாடவேளையில் திருத்தி முடித்துவிட்டார். எப்படி முடிந்தது என்று அவருக்கே வியப்பு.

நோட்டைக் கொடுத்த மறுநிமிடம் ஒரு சிறுமி மேசையருகே வந்து நின்றாள். ஓயாமல் சந்தேகம் கேட்பதால் வகுப்பு முழுவதும் அவளைக் கேள்விக்குறி என்றுதான் அழைக்கும்.

"டீச்சர், எனக்கு வட்டம் போடலையே."

"விடை தப்பும்மா."

"அது தெரியுது டீச்சர். எந்த இடத்துல தப்பு?"

சதுரத்தின் பக்கம் பத்து சதவீதம் கூடினால் பரப்பு எவ்வளவு கூடும் என்பது கேள்வி. இருபத்தொன்று என்பது விடை. சிறுமி படிகள் ஏதும் எழுதாமல் நாற்பது என்று மட்டும் எழுதியிருந்தாள். டீச்சர் அந்த நாற்பதைப் பார்த்தார். அது பேசவில்லை. வெறும் எண்ணாக இருந்தது. சிறுமியிடம் எப்படிப் போட்டாய் என்று கேட்டார். மனத்திலேயே போட்டேன், மறந்துவிட்டது என்றாள். பின்னால் பிள்ளைகள் சலசலக்கத் தொடங்கினார்கள்.

"பரவால்ல டீச்சர். உங்களுக்குப் பரீட்சை இருக்குல்ல? நானே தேடிக்கிறேன்."

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால் டீச்சருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலை, பள்ளி விடும் முன், பெஞ்சுகளுக்கிடையே நடந்து ஒவ்வொரு நோட்டாகப் பார்த்தார். நாற்பத்தொரு நோட்டிலும் சிவப்பில் பெருக்கல் குறிகள்.

6.

"எனக்குப் பிள்ளைங்களைத் தெரியலைங்க" என்றார் டீச்சர். லிப்ட்காரர் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

"தெரியலைன்னா?"

"தப்பைப் பாத்தா இன்னாருன்னு தெரியும். இப்ப தப்பு மட்டும்தான் தெரியுது. தேறாட்டி பிள்ளைங்க என்னை விட்டுப் போயிடுவாங்க. தேறிட்டேன்னு வைங்க, நான் அவங்களை விட்டுப் போன மாதிரி ஆயிடுமோன்னு இருக்கு."

(நான் ஆறுதல் எழுதிக் கொடுத்தேன், லிப்ட்காரர் வாயில் அது உட்காரவில்லை.) துண்டால் கையைத் துடைத்தபடி எதிரே உட்கார்ந்தார்.

"லிப்ட் கதவுல ஒரு சென்சார் இருக்கும். நடுவுல ஆள் நின்னா கதவு மூடாது. சர்வீஸ் பண்ணும்போது அதை ஆஃப் பண்ணிட்டுத்தான் வேலை பாப்போம். இல்லாட்டி நம்ம கை குறுக்க வரும்போதெல்லாம் கதவு தொறந்துக்கும், வேலை ஓடாது. முடிச்சதும் ஆன் பண்ணிடணும்."

"மறந்துட்டா?"

"கதவு ஆள்னு பாக்காது. மூடிக்கும்."

"நீங்க மறந்திருக்கீங்களா?"

"ஒரு தடவை."

"ஐயோ, யாரு மாட்டினது?"

அவர் இடது கையின் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். நுனி சற்றே கோணலாக இருந்தது. திருமணமாகிப் பதின்மூன்று ஆண்டுகளில் டீச்சர் அதைப் பிறவிக் கோணல் என்றே நினைத்திருந்தார்.

"ஏன் சொல்லவே இல்ல?"

"லிப்ட்காரன் லிப்ட்ல கையைக் குடுத்தான்னா வெளிய சொல்ற விஷயமா அது?"

டீச்சர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

"பரீட்சை அன்னிக்கு வாசல்லயே நிக்கிறேன். வந்ததும் ஞாபகப்படுத்தறேன்" என்றார் அவர்.

7.

தேர்வு நாள். கூடத்தின் நுழைவாயிலிலேயே கண்காணிப்பாளர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். "பேனா, பென்சில், அனுமதிச் சீட்டு. வேற எதுவும் கூடாதும்மா." டீச்சர் இடது உள்ளங்கையால் விடைகளை மூடி மூடி எழுதினார். கை வியர்த்துத் தாளில் ஒட்டியது. வேகம் குறைந்தது. நூற்று மூன்று கேள்விகள் முடிந்தபோது நான்கு நிமிடம் மிச்சமிருந்தது. இன்னும் இரண்டு போதும். (இத்தனை நெருக்கடியை உண்டாக்கியவன் நான்தான். மன்னிக்கவும், கதை எழுதத் தெரிந்தவர்கள் இதை நாசூக்காகச் செய்வார்கள்.)

அடுத்த கேள்வி: ஒரு சமபக்க முக்கோணத்தின் பக்கம் பத்து சதவீதம் கூடினால், பரப்பு எவ்வளவு கூடும்?

இருபத்தொன்று. ஐந்து விநாடிகூட ஆகவில்லை. குறிப்பதற்காகக் கையை எடுத்தார். இருபத்தொன்றுக்குக் கீழே முப்பது இருந்தது.

பார்த்துவிட்டார்.

முப்பது யார்? முக்கோணத்துக்கு மூன்று பக்கம். பக்கத்துக்குப் பத்து. மூன்று பத்து முப்பது. அப்படியானால் சதுரத்துக்கு நான்கு பக்கம், நான்கு பத்து...

டீச்சரின் பென்சில் நின்றது.

இங்கே நானும் நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த வடிவத்தில் முடிவுகளைத் தருகிறேன்:

(அ) சிரித்துக்கொண்டே இருபத்தொன்றைக் குறித்தார், அடுத்ததையும் முடித்தார், நூற்றைந்து.
(ஆ) மணி அடிக்கும்வரை அந்த முப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், நூற்று மூன்று.
(இ) பதறிப்போய் முப்பதைக் குறித்துவிட்டார்.
(ஈ) மேற்கண்ட எதுவுமில்லை.

(அ) எல்லோரையும் மகிழ்விக்க விரும்பும் என் பலவீனத்திலிருந்து வந்தது. (ஆ) தோற்பவர்களே உயர்ந்தவர்கள் என்ற எண்ணத்திலிருந்து வந்தது. வேலை இழந்தவர் யாரும் அப்படி எண்ணுவதில்லை. (இ) கொடுமை. அதை எழுதிய என்னை நானே கண்டித்துக்கொள்கிறேன். (ஈ) எழுதத் தெரியாதவரின் புகலிடம்.

குறிக்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்க அனுமதி வேண்டுகிறேன். வெளியே வாசலில் ஒருவர் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார் என்பதை மட்டும் கருத்தில் கொள்ளுங்கள். எதைக் குறித்தாலும், அதற்குள் போய்விட்டவை இவை:

பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள்.

வட்டமில்லாமல் திரும்பிப் போன நோட்டுகள், நாற்பத்தொன்று.

அந்தச் சிறுமி கை தூக்காமல் உட்கார்ந்திருந்த பள்ளி நாள்கள், பன்னிரண்டு.