உப்பில்லாத அறை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆராய்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. மாணவர்களை அறைக்குள் உட்காரவைத்து, உப்பைப் பொடியாக்கிக் காற்றில் ஊதுவார்கள். அதைச் சுவாசித்தால் நன்றாக ஓடுவார்களா என்று பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு உப்பு; மீதிப் பேருக்கு வெறும் மிஷின் சத்தம். எது எந்த அறை என்று மாணவர்களுக்குச் சொல்வதில்லை. உப்பு எனக்கு எதற்கு ஐயா? அந்த வெறும் சத்தத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் மனசைப் பிசைந்தது.

2

மட்டாஞ்சேரியில் மழை பெய்துகொண்டி—

(அடித்துவிட்டேன். கொச்சி என்றாலே மழையில்தான் ஆரம்பிக்கவேண்டுமா?)

சுபாஷிணி மூச்சிரைக்க ஓடி—

(இதுவும் வேண்டாம். இப்போதே ஓடிவிட்டால் அறையில் யார் உட்காருவது?)

சரி, மதுவந்தியிடமிருந்து தொடங்குகிறேன். அந்த ஆராய்ச்சியை நடத்துகிறவள். திருப்பூணித்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். அப்பா போனபிறகு அவளுடைய பாலக்காட்டுத் தமிழைப் பேச வீட்டில் ஆளில்லை. மாணவர்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டு, வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கவேண்டும். அப்படித்தான் பார்த்தாள், உப்பில்லாத அறையிலிருந்து மாணவி சுபாஷிணி “வாங்க சேச்சி, உக்காருங்க” என்று, அக்காவை மட்டும் மலையாளமாக்கி, தமிழில் கூப்பிடும்வரை.

போய் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தினமும் உட்கார்ந்தாள்.

(இவளை எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. ஆராய்ச்சி கெட்டுப்போகும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் போனாள், பாவம்.)

3

சுபாஷிணியின் ஓட்டம் வாரத்துக்கு வாரம் தேறியது. நாளைக் காலை கடைசி ஓட்டம். கல்லூரி அணிக்கு ஆள் எடுப்பதும் அதிலேதான். இடம் கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு பிராட்வே கடைத்தெருவில் துணிக்கடை வேலைக்குப் போவதாக அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

“சேச்சி, இந்த ரூம்ல உப்பில்லை, இல்லே?”

மதுவந்தி கதவைத் திரும்பிப் பார்த்தாள். “ஆரு சொன்னா?”

“அந்த ரூம்காரங்க வெளிய வரப்போ உதட்டை நக்குறாங்க. என் உதட்டுல சாயா ருசிதான்.”

“பின்னே எப்படி நீ இத்தனை நன்னா ஓடறே?”

“அம்மா முனிசிபாலிட்டி வேலை முடிஞ்சு வந்தா அப்படியே படுத்துரும். வீட்ல பேச ஆளில்லை. உங்ககிட்ட பேசிட்டுப் போனா நெஞ்சு லேசாயிருது.” மிஷின் நின்றது. “நாளைக்கு நான் ஓடுறப்போ வந்து நிப்பீங்களா, சேச்சி?”

எந்த அறையில் உப்பு என்று தெரிந்தவர்கள் மைதானத்தின் பக்கமே போகக்கூடாது. அதுதான் விதி.

4

முதல் முடிவு: மதுவந்தி போகிறாள். பேராசிரியர் பார்த்துவிடுகிறார். இரண்டு வருஷ உழைப்பு மண்ணாகிறது.

இரண்டாவது: அவள் போகவில்லை. கடைசிச் சுற்றில் சுபாஷிணி தலையைத் திருப்பி ஓரத்தைப் பார்க்கிறாள், அங்கே—

எழுதக் கை வரவில்லை. மூன்றாவது முடிவும் என்னிடம் இல்லை. மதுவந்தியை நம்பி அந்தப் பெண்ணை ஓடவிட எனக்குத் தைரியமும் இல்லை.

மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றுக்கு வெளியே யார் வேண்டுமானாலும் நிற்கலாம். உங்களுக்கோ எந்த அறையில் உப்பு என்பதைப் பற்றிக் கவலையில்லை. கொஞ்சம் சீக்கிரம் எழுந்து நீங்களாவது போய் நில்லுங்கள். பேர் சுபாஷிணி. தமிழில் கூப்பிடுங்கள்.