பானையில் வைத்த மருந்து

ஃப்ரிட்ஜை விற்ற அன்று நான் பாயசம் வைத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

சாங்வியில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டு பேர் அதைக் கயிறு கட்டி இறக்கியபோது என் கணவர் இருதயராஜ் படி திரும்பும் இடத்தில் நின்று, சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொண்டார். விற்ற சாமானுக்கு என்ன இவ்வளவு கரிசனம் என்று கேலி செய்தேன். கட்கியில் வெடிமருந்து ஆலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த மனுஷர். எதையும் அதிராமல் தூக்கித்தான் பழக்கம்.

நான் ஓய்வு பெற்ற டீச்சர். ஒரு தமிழ் இணைய இதழில், ஒரு வருடம் எளிமையாக வாழ்ந்து பார்த்து வாரம் ஒரு கட்டுரை எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் கிடையாது. ஏசி கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து நாளைக்கு மூன்று வாளித் தண்ணீர். பூமிக்கு நாம் செய்யும் கொடுமையை நானே நிறுத்திவிடப் போவதுபோல எழுதினேன். முப்பது வருடம் பிள்ளைகள் எழுதியதைத் திருத்தியே கழித்தவள் எழுதியதை முதல் தடவையாக நாலு பேர் படித்தார்கள். நான் சமைக்கும்போது இருதயராஜ் அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வாசகர் கடிதங்களைப் போனில் பார்த்துச் சத்தமாக வாசிப்பார். பாராட்டி வந்ததை இரண்டு தடவை வாசிப்பார்.

வாகடில் இருக்கும் எங்கள் மகள் ஜெனிபர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அப்பாவின் இன்சுலினை எங்கே வைப்பாய் என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பெரிய மண்பானை, அதற்குள் ஈர மணல், மணலுக்குள் சின்னப் பானை. ஈரம் காயாமல் இருந்தால் உள்ளே ஜில்லென்று இருக்கும். குளிர்காலம் முழுக்க இருந்தது.

ஏப்ரல் வந்தது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். வெயில் நாற்பதைத் தொட்டது. பானைக்குக் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று நான் அளந்து ஊற்றினேன். மத்தியானமே மணல் பொலபொலவென்று காய்ந்துவிடும். இன்னொரு சொம்பு ஊற்றினால் மூன்று வாளிக் கணக்கு தப்பும். ஊற்றவில்லை. பானையும் நம்மோடு சேர்ந்து சிக்கனம் பழகட்டும் என்று அந்த வாரக் கட்டுரையில் வேறு எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

மே மாதம், சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் முடியுமா என்று பலர் கேட்டார்கள். இருதயராஜ் தானே விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து நோட்டில் குறித்து வைப்பார். அந்த நோட்டிலிருந்து இரண்டு மாத எண்களை அப்படியே எடுத்துப் போட்டேன். நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பத்திரண்டு, நூற்று முப்பத்தைந்து. பாருங்கள், முடியும் என்று எழுதினேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். வாட்ஸப்பில் என் பெயர்கூட இல்லாமல் சுற்றியது.

ஆகஸ்டில் அவருடைய இடது காலில் செருப்பு கடித்துக் கொப்புளம் வந்தது. ஸ்கூட்டர் இல்லாததால் மார்க்கெட்டுக்கு நடந்துதான் போய்வந்தார். வலிக்கவில்லை என்றார். உணர்ச்சி இல்லாத காலுக்கு எப்படி வலிக்கும்? நாற்றம் வந்த பிறகுதான் நான் காலைத் தூக்கிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பெருமையாக நோட்டை நீட்டினேன். சின்னப் பெண் அவள். நோட்டைப் புரட்டிவிட்டு, சர்க்கரை பார்க்கும் மிஷினை வாங்கிப் பக்கவாட்டு பட்டனை அமுக்கினாள். அதற்குள் பழைய எண்கள் எல்லாம் இருக்குமாம். எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்று நாற்பது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. மே மாதம் முழுக்க அப்படித்தான். மருந்து வெயிலில் கெட்டுப்போயிருக்கிறது. அவர் கெட்ட மருந்தைக் குத்திக்கொண்டு, நோட்டில் நல்ல எண்ணை எழுதி வைத்திருக்கிறார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் அவர் கண் விழித்ததும் கேட்டேன்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ அவ்வளவு சந்தோஷமா எழுதிக்கிட்டிருந்தே. வருஷம் முடியட்டும்னு பாத்தேன். கொஞ்ச மாசந்தானேன்னு நெனச்சேன்."

ஓங்கி ஓர் அறை விடலாம்போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

அன்றைக்கே நடந்ததை எல்லாம் இதழுக்கு எழுதி அனுப்பினேன். கட்டுரையை எடுத்துவிட்டார்கள், மன்னிப்பும் போட்டார்கள். அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்காதீர்கள். வாட்ஸப்பில் சுற்றுவதை யார் போய்ப் பிடிப்பது? கடிதம் எழுதியவர்களையாவது பிடிக்கலாம் என்று ஒவ்வொரு கடிதமாகத் தேடினேன். ஜூனில் மும்தாஜ் என்ற பெண் எழுதியிருந்தாள். பிம்ப்ரியில் வேலை, அம்மா என்னோடு இருக்கிறார், ஃப்ரிட்ஜ் ரிப்பேர், உங்கள் கட்டுரையைப் பார்த்துவிட்டு வேறு வாங்கவில்லை, அம்மாவின் இன்சுலினைப் பானையில் வைத்துவிட்டோம். கீழே நம்பரும் இருந்தது.

கூப்பிட்டேன். என் பெயரைச் சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மாவுக்கு நூத்தி நாப்பதத் தாண்டுறதே இல்ல டீச்சர். ஒருநாள்கூட."

"யாரும்மா பாக்கறது?"

"அம்மாவேதான். எனக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும்ல? அவங்களே பாத்து நோட்டுல எழுதி வச்சிடுவாங்க. என்னைய தொந்தரவே பண்ண மாட்டாங்க."

மிஷினை எடுத்து வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். எடுத்து வா என்றேன். பக்கவாட்டில் பட்டன் இருக்கும், அமுக்கு, பழைய எண்கள் வரும், வரிசையாகப் படி என்றேன்.

முதல் எண்ணைச் சத்தமாகப் படித்தாள். இரண்டாவதைப் படிக்கவில்லை. பட்டனை அமுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.