கொடுத்த தகரம்

சித்திரைக் கடைசியில் அடித்த சூறைக்காற்று, புதுச்சத்திரத்துக்கு மேற்கே சென்னிமலையின் கோழிப்பண்ணைக் கூரையை அள்ளி வீசிவிட்டுப் போனது. காற்று செய்ததைவிடத் தன் பெண்டாட்டி வசந்தாமணி செய்த நாசம்தான் பெரிது என்று அவன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் செய்தது இதுதான். காற்றில் செத்த கோழிகளை, நோய் பரவும் என்று அன்றைக்கே சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். எந்தப் பண்ணைக்காரரும் அதைத்தான் செய்வார். பழைய இரும்புக் கடைக்குப் போடலாம் என்று சென்னிமலை ஒதுக்கச் சொன்ன கூரைத் தகரங்களையோ, குழி வெட்ட வந்த அக்கம்பக்கத்தாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். நாளெல்லாம் சேற்றில் நின்றவர்களை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் நாலாம் நாள் வந்தபோது இடம் கூட்டிப் பெருக்கின களம் மாதிரி இருந்தது. தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டுக் காற்றின்மேல் பழி போடுகிறார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார், மகராசன். க்ளைம் தள்ளுபடி. கொட்டகை எழும்பாவிட்டால் பண்ணையை மூட வேண்டியதுதான்.

வசந்தாமணிக்குச் சோறு இறங்கவில்லை. விசாரித்துப் பிடித்து, சேலத்து உபகாரசாமிக்குப் போன் போட்டாள். முப்பது வருஷம் சர்வேயராக இருந்த மனிதர். இப்போது நஷ்டப்பட்டவர்கள் பக்கம் நின்று க்ளைம் வாங்கித் தருகிறார். கிடைத்தால்தான் கூலி, கிடைக்காவிட்டால் பஸ் செலவுகூடக் கேட்கமாட்டார்.

"ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்துப்போட்டு, இப்ப அதுக்கொரு ஆளு வேற வெக்கிறயா?" என்றான் சென்னிமலை, வந்தவர் காதில் விழும்படியே.

உபகாரசாமி கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தகரம் யார் யார் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார். வசந்தாமணிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கொடுத்ததை எந்த முகத்தோடு போய்க் கேட்பது? கேட்க வேண்டாம், பார்த்தால் போதும் என்றார் அவர்.

ஆட்டுப்பட்டி, விறகு அடுக்கிய இடம், தண்ணீர்த் தொட்டி என்று வீடு வீடாகப் பார்த்தார்கள். எல்லாமே சுத்தியலால் தட்டி நிமிர்த்தப்பட்ட தகரங்கள், ஒன்றும் தேறவில்லை. கடைசியில், பண்ணையில் முட்டை பொறுக்கும் கண்ணாத்தாள் வீடு. எல்லோரும் எடுத்ததுபோக மிஞ்சிய கிழிசல் தகரம் ஒன்று அவள் அடுப்படிக்குக் கூரையாகக் கிடந்தது. இவர்களைக் கண்டதுமே கிழவி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"எறக்கித் தாரேன் அம்முணி. உங்களுக்கில்லாம எனக்கெதுக்கு?"

"வேண்டாங்காத்தா. அது அங்கயே இருக்கட்டும்," என்றாள் வசந்தாமணி.

அந்த ஸ்டூலில் உபகாரசாமிதான் ஏறினார். கையால் கழற்றிய தகரத்தில் போல்ட் ஓட்டை உருண்டையாக இருக்கும். இதில் ஓட்டைகள் விளிம்புவரை கிழிந்து கிடந்தன. ஒன்றில் வளைந்த போல்ட் இன்னும் தொங்கியது. காற்று பிய்த்தால்தான் அப்படிக் கிழியும். படம் எடுத்து, மறு சர்வே வேண்டும் என்று அன்றைக்கே எழுதிப் போட்டார்.

பத்தாம் நாள் வேறொரு சர்வேயர் வந்தார். ஊர்க்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு, அவரவர் தகரத்தின் பக்கத்தில் நின்று, எங்கே கிடந்ததை எடுத்தோம் என்று சொன்னார்கள். அவரும் கண்ணாத்தாளின் ஸ்டூலில் ஏறினார். இறங்கி வந்து, காற்றுச் சேதம்தான் என்று எழுதிக்கொண்டார்.

அவர் ஜீப் போன பிறகு சென்னிமலை மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்க, அன்னைக்கே இரும்புக் கடைக்குப் போட்டிருந்தா?"

"இந்நேரம் உருக்கியிருப்பாங்க," என்றார் உபகாரசாமி. "அம்மா குடுத்ததாலதான் சாட்சி ஊருக்குள்ளயே இருந்துச்சு."

க்ளைம் பணம் கிடைத்தது. லாரியில் புதுத் தகரம் வந்து இறங்கிய அன்று, முதல் தகரத்தைச் சென்னிமலையே தலையில் வைத்துக்கொண்டு கண்ணாத்தாள் வீட்டுப் பக்கம் நடந்தான்.