பெண்கள் நேரம்

செவிலிமேட்டுப் பூங்காவுக்கும் அதை ஒட்டிய பொழுதுபோக்கு மையத்துக்கும் ஜெயப்ரியா மேலாளராக வந்து சேர்ந்த அன்று, நீச்சல் குளத்தின் பலகையில் ‘காலை பத்து முதல் பதினொன்று வரை பெண்கள் மட்டும்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். மணி பத்தரை. குளத்தின் கம்பிக் கதவு பூட்டிக் கிடந்தது.

டிக்கெட் கவுண்டரில் இருந்த கிரேஸிடம் காரணம் கேட்டாள்.

“லேடி லைஃப்கார்டு இல்லாம பொம்பளைங்கள எறக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குது மேடம். முன்னாடி ஒரு பொண்ணு வந்துக்கினு இருந்தா. கல்யாணம் ஆயி கோயம்புத்தூர் போயிட்டா. அதோட சரி.”

பூங்காவில் வேலைக்குக் குறைவில்லை. ஊஞ்சல் சங்கிலிகள் துருப்பிடித்திருந்தன. கேரம் அறையில் ஓய்வு பெற்றவர்களுக்குள் தினமும் சண்டை. இதற்கெல்லாம் நடுவில்தான் காயத்ரி வந்தாள். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவள், நாற்பதை நெருங்கும் வயது. மிதி கட்டையை மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துவிட்டது என்றும், தண்ணீரில் நடந்தால் வலி குறையும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னாள்.

“எப்பமா தொறப்பீங்க? எப்ப வந்தாலும் பூட்டியே இருக்குதே.”

“தொறக்கறேங்க” என்றாள் ஜெயப்ரியா. சொன்ன பிறகுதான் எப்படித் திறப்பது என்று யோசித்தாள்.

அவள் ஆள் தேடினாள். சென்னையில் இருந்த ஒருத்திக்குத் தினமும் இவ்வளவு தூரம் வந்து போவது ஒத்துவரவில்லை. வாலாஜாபாத்தில் நீச்சல் தெரிந்த ஒரு பெண் கிடைத்தாள். அவளுடைய அப்பா அனுப்ப மறுத்துவிட்டார். அதற்குள் மேலதிகாரி ராமராஜன் போன் செய்தார்.

“சும்மா கெடக்கற நேரம்தானேமா அது? பசங்க கோச்சிங்குக்குக் கேக்கறாங்க. ஜூன் மாசம் வரைக்கும் பாருங்க. ஆள் கெடைக்கலன்னா குடுத்துடலாம்.”

அன்று மாலை ஜெயப்ரியா நீச்சல் பயிற்சியாளன் அஜித்தைத் தேடிப் போனாள்.

“நானே கத்துக்கினு லைஃப்கார்டு பரீட்சை எழுதினா என்ன அஜித்?”

“உங்களுக்கு நீச்சல் தெரியுமா மேடம்?”

“எங்க ஊர்ல பாலாத்துல தண்ணி வந்தாத்தானே நீச்சல் கத்துக்கறதுக்கு?”

அஜித் சிரிக்கவில்லை. “காலையில அஞ்சரைக்கு வாங்க. லேட்டாச்சுன்னா பேட்ச் வந்துடும்” என்றான்.

டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவன் வெங்கடேசனுக்கு இது பிடிக்கவில்லை. “இந்த வயசுல எதுக்கு ரிஸ்க்கு? ஆள் கெடைக்கலன்னு சொல்லிட்டு மத்த வேலையப் பாரேன்.”

“கெடைக்கலன்னு சொல்றதுக்கு நான் எதுக்கு அந்த நாற்காலில ஒக்காந்துக்கினு இருக்கணும்?”

முதல் வாரம் அவள் குளத்தின் ஓரக் கம்பியை விடவே இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் நெஞ்சு அடைத்தது. மூக்கில் குளோரின் ஏறி நாள் முழுவதும் எரிந்தது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கம்பி வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “மேனேஜர் ஜாலியா குளிச்சிக்கினு இருக்காங்க” என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். இன்னொருவர் போனை உயர்த்திப் பிடித்தார். ஜெயப்ரியா கரையேறினாள். பூங்காவின் செடி நாற்றங்காலுக்கு வாங்கி மீதமிருந்த பச்சை நிழல் வலையைத் தானே இழுத்து வந்து, வேலி நெடுக முடிச்சுப் போட்டுக் கட்டினாள். பிறகு மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.

கோடை வருவதற்குள் அவள் குளத்தின் நீளத்தை நிற்காமல் கடந்தாள். ஒருவரை இழுத்துக்கொண்டு நீந்தவும் பழகினாள். நம்பிக்கையோடுதான் சென்னைக்குப் பரீட்சைக்குப் போனாள். ஆழமான பக்கத்தின் அடியில் கிடக்கும் ரப்பர் கட்டியை எடுத்து வருவது கடைசிச் சோதனை. பாதி ஆழத்திலேயே காது குத்தியெடுத்தது. வெறுங்கையோடு மேலே வந்தாள். மறுபடி முயன்றாள், மறுபடியும் வெறுங்கைதான். திரும்பும் ரயிலில் ஈரத் தலையோடு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

“முயற்சி பண்ணீங்க, அதுவே பெருசு” என்றார் ராமராஜன். “ஜூன்லேருந்து பசங்களுக்குக் குடுத்துடறேன்.”

“குடுங்க சார். நான் பாஸ் பண்ற வரைக்கும் அவங்க நீஞ்சட்டும். பாஸ் பண்ணா திருப்பித் தரணும்.”

“சரிமா” என்றார் ராமராஜன்.

அடுத்த நாள் காலையில் அவள் ஆழமான பக்கத்துக் கரையில் நின்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காற்றை ஊதிக் காதை எப்படித் திறப்பது என்று அஜித் காட்டினான். “அவசரப்படாதீங்க மேடம். தரை எங்கயும் ஓடிடாது.” தினமும் ஒரு சாண் கூடுதலாக இறங்கினாள். ஒரு காலையில் விரல்நுனியில் குளத்தின் தரை தட்டுப்பட்டது. கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் நீலம். பயமே இல்லாமல் ஒரு நொடி அங்கேயே இருந்துவிட்டு மேலே வந்தாள்.

அடுத்த பரீட்சையில் ரப்பர் கட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேறினாள். ராமராஜன் சொன்ன சொல் மாறவில்லை.

பெண்கள் நேரம் தொடங்கிய நாளில் காயத்ரியோடு சேர்த்து ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். அவர்களிடம் நீச்சலுடை இருக்காது என்று தெரிந்து, முழுக்கை வைத்த உடைகளை ஜெயப்ரியா முன்பே தைத்து வைத்திருந்தாள். காயத்ரி இடுப்பளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்தபடி நடந்தாள். கல்லூரியில் படிக்கும் அனு மட்டும் தனக்கு நீச்சல் தெரியும் என்று சொல்லி நீந்திப் போனாள். ஆழமான பக்கத்தில் மூச்சு வாங்கி, கால் வைத்துப் பார்த்தாள். தரை எட்டவில்லை. கைகளை அடித்துக்கொண்டு அமிழ்ந்தாள்.

ஜெயப்ரியா குதித்தாள். அனு அவள் கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தாள். ஜெயப்ரியா மூழ்கி விலகி, பின்பக்கமாக வந்து, அவள் அக்குளுக்கடியில் கைகொடுத்து முகத்தைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தாள். அனு இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். அழுகை ஓய்ந்ததும் மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார்கள். ஒன்றும் ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஜெயப்ரியா ஈர உடையை மாற்றினாள்.

செய்தி போய், ராமராஜன் பதறிப்போய் அழைத்தார். “முதல் நாளே இப்படியா? கொஞ்ச நாளைக்கு மூடிடலாமாமா?”

“இப்படி ஆனா தூக்கறதுக்குத்தானே சார் நான் இருக்கறேன்? தூக்கிட்டேன். ஆழத்துக்குக் குறுக்கால இன்னிக்கே கயிறு கட்டறேன். நீச்சல் தெரியும்னு சொல்றவங்கள முதல்ல சோதிச்சிட்டுத்தான் வுடுவேன். நாளைக்கும் தொறக்கறோம்.”

மறுநாள் கூட்டம் குறையவில்லை. அனுவும் அம்மாவோடு வந்தாள், தலையைக் குனிந்தபடி. “கயித்துக்கு இந்தப் பக்கம் எறங்கு” என்று மட்டும் சொன்னாள் ஜெயப்ரியா.

பதினொன்றுக்கு எல்லோரும் போன பிறகு கிரேஸ் கவுண்டரை விட்டு வந்து குளத்தருகே நின்றாள்.

“மேடம், நீங்க லீவு போட்டா மறுபடி பூட்டித்தானே ஆவணும்?”

“ஆமா.”

“அப்ப நான் கத்துக்கறேன்.”

“நாளைக்கு அஞ்சரைக்கு வா” என்றாள் ஜெயப்ரியா.