ஒரு முழம் தள்ளி

மாஸ்டரின் மகள் எல்லோரிடமும் நேராக நடந்து போவாள். அப்பாவிடம் போகும்போது மட்டும் ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளிப் போய் நிற்பாள். நடக்கத் தொடங்கிய பதினோராம் மாதத்திலிருந்து முப்பத்தொரு வயதுவரை இப்படித்தான். அவர் அந்தப் பக்கம் நகர்ந்து நின்றால் ஒரு முழமும் கூடவே நகர்ந்தது. அவராகவே கிட்டே போனால் அவள் கால்கள் பெரிய மனிதருக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கிக்கொண்டன. தெருவில் முதலில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

காரணம் அவர் கைகள். டயர் கடைக்கு மேல் மாடியில் அவர் கராத்தே வகுப்பு நடத்திவந்தார். உதையைக் காலால் தடுக்க மற்ற மாஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தபோது, இவர் கையால் தடுக்கச் சொல்லிக்கொடுத்தார். கால் எலும்பு கை எலும்பைவிடக் கனம். நேருக்கு நேர் மோதினால் உடைவது கைதான். ஆகவே உதையை நிறுத்தக் கூடாது. முன்கையைக் காதோரத்திலிருந்து கீழே இறக்கி, வருகிற காலைப் பக்கவாட்டில் தொட்டு, அது போகிற போக்கிலேயே வழிமாற்றிவிட வேண்டும். “நிறுத்தாதீங்கப்பா, அனுப்பி வைங்க!” என்று தொண்டை கிழியக் கத்துவார். அவர் அனுப்பி வைத்த கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஒரு போட்டியில் அவரிடம் தோற்றவர் கைகுலுக்க வந்து, ஒரு முழம் தள்ளி நின்ற நடுவரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பெரியவர்களுக்கு அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும், எலும்பு முற்றியவர்கள் அல்லவா. மாஸ்டருக்கு இதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

மனைவிக்கு ஏழாம் மாதம். வியர்வை காயாமல் வகுப்பிலிருந்து வந்தவரை அவள் கூப்பிட்டாள்.

“இங்க கை வைங்க. உதைக்குது பாருங்க.”

வைத்தார். உள்ளிருந்து ஒரு சின்ன உதை வந்தது. அவர் சந்தோஷப்படுவதற்குள் கை முந்திக்கொண்டது. உள்ளங்கை மெல்லச் சரிந்து அந்த உதையை அனுப்பி வைத்தது.

“என்னங்க, தள்ளி விட்டீங்களா?”

“இல்லியே.”

அவர் அவளிடம் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நம்புகிறோம்.

குழந்தை முதல் அடி எடுத்து வைத்தபோது அவர் கைகளை விரித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். அது சிரித்துக்கொண்டே தத்தித் தத்தி வந்து, பக்கத்திலிருந்த துணி அலமாரியைக் கட்டிக்கொண்டது. மனைவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “உதைக்கிறது யாரு, கூப்பிடுறது யாருன்னுகூடவா உங்க கைக்குத் தெரியாது?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். எலும்பு டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, திருப்பிவிட்டவரே குழந்தையின் உதை ஒன்றைத் தடுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும், வேறு வைத்தியம் கிடையாது என்றார்.

லேசான காரியம் என்றுதான் நினைத்தார். மகளின் நடைதான் தள்ளிப் போனதே தவிர, உதை நேராகவே வந்தது. ஐந்து வயதில் அவளை உதைக்கச் சொன்னார், கை தடுத்தது. கைகளைப் பின்னால் ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னார். கம்பி கையோடு வந்துவிட்டது. தடுக்கத் தடுக்க முழத்தோடு ஒவ்வொரு விரற்கடை கூடி, மாதக்கணக்கில் ஆறித்தான் குறைந்தது. பயந்து நிறுத்திவிட்டார்கள். கைகள் மறக்கட்டும் என்று வகுப்பை மூடிவிட்டுப் பார்சல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சரிவுப் பலகையில் வழுக்கி வந்த பெட்டிகளையும் கைகள் அனுப்பி வைத்தன. வடக்கே போக வேண்டியவை கிழக்குப் பிரிவில் போய் விழுந்தன. மேலாளர் பிரிவுகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வோர் இடம் தள்ளி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். மகள் படித்து நில அளவையாளர் ஆனாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த அன்றும், பரீட்சை தேறிய அன்றும், முதல் சம்பளம் வாங்கிய அன்றும் அவர் பக்கத்திலிருந்த காற்றைத்தான் கட்டிக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றும், நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிப் போடுவார்.

அறுபத்திரண்டாம் வயதில் கழுத்து நரம்பு நசுங்கி அவருடைய இரண்டு கைகளும் தொங்கிவிட்டன. இனி எழாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மகள் லீவு போட்டுக்கொண்டு வந்து, வழக்கம்போல் அவர் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள்.

“இப்ப உதைம்மா.”

“இந்த நிலைமையில எப்படிப்பா?”

“இந்த நிலைமையிலதான் முடியும். வயித்துல நீ உதைச்சப்போ நான்தான் தள்ளி விட்டேன். உங்கம்மாகிட்ட இல்லைன்னு பொய் சொன்னேன்.”

சமையலறை வாசலில் நின்ற அம்மா, “இதைச் சொல்ல இத்தனை வருஷமாச்சு உங்களுக்கு” என்றாள். கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

மகள் அவர் தொடையில் உதைத்தாள். வலி மண்டைவரை ஏறியது. தோள்கள் துடித்தன, கைகள் அசையவில்லை. அவள் வாசல்வரை போய்த் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். அவர் முழங்காலில் இடிக்கிற அளவுக்கு நேராக வந்தாள். கட்டிக்கொள்ள அவருக்குக் கை எழவில்லை. மாஸ்டர் வாய்விட்டு அழுதார். அவள் குனிந்து அவர் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். விட்டால் சரிந்துவிடும் என்பதால் பிடித்தபடியே இருந்தாள்.

இப்போதும் லீவில் வரும்போதெல்லாம் வாசலிலிருந்து நேராக வந்து அப்படித்தான் செய்கிறாள். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.