அதிபருக்கு ஓர் எல்லை

அதிகாரம் வரம்பு மீறும்போதெல்லாம் எங்கோ ஒரு தனிமனிதன் எழுந்து நின்று "இதோடு நில்" என்று சொல்கிறான். அந்த ஒருவனுக்காகத்தான் வரலாறு வாசலில் காத்துக்கிடக்கிறது. சட்டப் பேராசிரியர் இதைக் குளியலறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். புருவத்தை உயர்த்திச் சொன்னபோது எடுப்பாக இருந்தது. இடுப்பில் துண்டு மட்டும்தான். வரலாறு காத்திருந்ததோ இல்லையோ, வாசலில் அவர் மனைவி காத்திருந்தாள்.

"இன்னிக்கு டிவில தம்பியைப் பத்திச் சொல்லிடுங்க."

அவள் கையில் தம்பியின் மூக்குக்கண்ணாடி இருந்தது. 'உள்ளே இது தேவைப்படாது' என்று சிறை வாசலில் ஒரு காவலர் கொடுத்தனுப்பியது. சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரித் தடித்த கண்ணாடி. அது இல்லாவிட்டால் எது கதவு, எது சுவர் என்று அவனுக்குப் பிடிபடாது. கல்யாண வீட்டில் அவனை முதன்முதலாகப் பார்த்தவுடனேயே பேராசிரியர் 'சோடா' என்று பட்டம் கட்டிவிட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

சோடா சின்னதாக ஓர் அச்சகம் நடத்தினான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காணாமல் போன நாய் என்று எது வந்தாலும் அடிப்பான். 'அதிபரே, பதவிக்காலம் முடிந்துவிட்டது' என்று யாரோ கொண்டுவந்த சுவரொட்டியையும் அதே சிரத்தையோடு அடித்துக் கொடுத்துவிட்டான். அதிபர் தன் கையெழுத்திலேயே பிறப்பித்துக்கொண்ட அவசர ஆணையில் தூக்கிப் போய்விட்டார்கள். விசாரணை கிடையாது. யார் யாரைப் பிடித்தோம் என்று அரசு சொல்ல வேண்டியதும் கிடையாது.

"பேரு வெளிய வந்த ஆளுங்களைத்தான் விட்டுவைக்கிறாங்களாம். ஜெயில் கேட்டுல நிக்கிற பொம்பளைங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. மத்தவங்க வீட்டுக்குத் துணிதான் திரும்பி வருது" என்றாள். அழுது முடித்த குரல். "முழுப் பேரோட சொல்லுங்க."

"சந்தர்ப்பம் பார்த்துச் சொல்றேன்மா. அங்க பேசறது கொள்கை. மச்சினன் விவகாரம் இல்ல."

"உங்க கொள்கையை அச்சடிச்சுக் குடுத்ததே அவன்தான்."

தொலைக்காட்சி நிலையத்து ஒப்பனை அறையில் அரசுச் செய்தித் தொடர்பாளர் பக்கத்து நாற்காலியில் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். பேராசிரியரிடம் படித்தவர்தான். அவசர ஆணையில் எங்கெங்கே ஓட்டை வைக்கலாம் என்று கற்றதும் இவரிடமே.

"சார், வழக்கம்போலத்தானே? நீங்க அரசியலமைப்பைப் பிடிச்சுக்குங்க, நான் நாட்டுப் பாதுகாப்பைப் பிடிச்சுக்கறேன். நடுவுல ஒருதரம் மேஜையைத் தட்டுவேன்."

"பார்த்துத் தட்டுப்பா. போன வாரம் என் மடியில தண்ணி கொட்டிடுச்சு."

"ஜனங்களுக்கு அதுதான் சார் ரொம்பப் பிடிச்சுது." ஒப்பனைக்காரர் நகர்ந்ததும் குரல் இறங்கியது. "அதிபர் அதிகார வரம்புக் கமிஷன்னு ஒண்ணு வருது. உங்களைத் தலைவராப் போடலாம்னு அதிபரே சொன்னார்."

அதிபரின் எல்லையை அதிபர் நியமிக்கும் ஆளே வரைவதில் உள்ள முரண்பாட்டைப் பேராசிரியர் உடனே கண்டுகொண்டார். கார் கொடுப்பார்களா என்ற கேள்வி மட்டும் அதற்கு ஒரு நொடி முன்பே வந்துவிட்டது.

விளக்குகள் எரிந்தன. பேராசிரியர் பிரமாதமாகப் பேசினார். வரலாறு வாசலில் வந்து நின்றது. மேஜை தட்டப்பட்டது. பிறகு செய்தித் தொடர்பாளர் வாராவாரம் வீசும் சவாலை வீசினார்.

"இந்த ஆணையில ஒரு அப்பாவியாவது உள்ள போயிருக்கானா? ஒருத்தன் பேரைச் சொல்லச் சொல்லுங்க சாரை."

இதற்கு வாராவாரம் ஒரு பதில் உண்டு: 'இந்த விவாதம் தனிநபர்களைப் பற்றியதல்ல.' அதைச் சொன்னதும் விளம்பரம் வரும். தொகுப்பாளினி விளம்பரத்துக்குக் கையைக்கூடத் தூக்கிவிட்டாள்.

ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை. கதவு என்று நினைத்துச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கும் ஓர் உருவம் கண்ணுக்குள் வந்தது. பின்னால் யாரோ நிற்கிறார்கள். அது அவனுக்குத் தெரியவில்லை. கமிஷன் போனது. காரும் போனது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒத்திகை பார்க்காத ஒரு வாக்கியம் வாயில் வந்தது.

"போயிருக்கான். என் மச்சினன்."

செய்தித் தொடர்பாளரின் கை மேஜைக்கு மேலே அப்படியே நின்றது. கேமராக்காரர் தலையை வெளியே நீட்டி இவரைப் பார்த்தார். தொகுப்பாளினிக்கு முகம் வெளுத்துவிட்டது; ஆனாலும் தொழில் பழக்கம் விடவில்லை.

"அவர் பேர் என்ன சார்?"

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயம் துளியும் இல்லை. நாடே பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. மனசுக்குள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார், கைப்பேசியில் பதிந்து வைத்ததை நினைத்துப் பார்த்தார், மனைவி அவனைக் கூப்பிடும் குரலை நினைத்துப் பார்த்தார். தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

அவனுடைய பெயர் பேராசிரியருக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதில்லை.